கண்ணியக் குழு எடுத்த அளவு

எடைமேடைக்காரர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அளவைப் பொய்யாகச் சொன்னார். அதற்குத்தான் இவ்வளவும்.

நெடுஞ்சாலையை ஒட்டிய எடைமேடையில் அவருக்குப் பதினெட்டு வருட வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எண்ணைப் பார்த்து, நேரத்தோடு சீட்டில் அச்சிட்டு, சன்னல் வழியாக ஓட்டுநருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். கொஞ்சம் குறைத்துச் சொல்லச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, முறைத்தவர்கள் உண்டு. மனிதர் அசைந்ததில்லை. "மேடை என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்லுவேன்" என்பார்.

அப்படிப்பட்டவரிடம் பதினைந்து வயது மகள் ஒருநாள் அளவு நாடாவோடு வந்து, "இடுப்பு எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். அவர் நாடாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வெளியே வந்து, "நாற்பத்திரண்டு" என்றார். நாடா காட்டியது நாற்பத்தாறு.

அவள் அந்த நாற்பத்திரண்டை நம்பிக் கவசம் செய்தாள். அப்பாவும் மகளும் ஆறு வருடமாக விடாமல் பார்த்துவரும் கார்ட்டூன் தொடரின் நாயகன் வான்காவலன். அவனோடு எப்போதும் பறக்கும் சிறுமி மின்மினி. கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு ரசிகர்கள் கூடும் காஸ்ப்ளே கூட்டங்களுக்கு இருவரும் அந்த வேடத்தில்தான் போவார்கள். பழைய யோகா விரிப்பை வெட்டி, சூடான பசையால் ஒட்டி, வெள்ளி வண்ணம் அடித்து அவள் செய்த கவசத்தைப் பார்த்தால் இரும்பு என்றுதான் யாரும் சொல்வார்கள். கூட்டத்தன்று மேடையில் வான்காவலன் வாளை உயர்த்தினார். இடப்பக்க வார் படீரென்று அறுந்தது. கவசம் கதவு மாதிரித் திறந்துகொள்ள, உள்ளே இருந்த வயிறு விளக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

யாரோ படம் எடுத்தார்கள். 'அனைத்துக் காஸ்ப்ளே கலைஞர் பேரவை'யின் பக்கத்தில் ஞாயிறு மாலையே அது ஏறிவிட்டது. அடியில் ஒரு வரி: "காவல் காக்குறேன்னு போய் வானத்தையே சாப்பிட்டுட்டார்." போட்டவர் பெயர் 'வெள்ளைப் பேய்'.

திங்கட்கிழமை கூண்டுக்குள் உட்கார்ந்து எடைமேடைக்காரர் அதைப் பார்த்தபோது நானூற்றுப் பன்னிரண்டு பேர் சிரிப்புக் குறி போட்டுச் சிரித்திருந்தார்கள். மேடையில் நின்ற லாரி இரண்டு முறை ஒலியெழுப்பியும் அவர் தலை தூக்கவில்லை. காது மடல் வரை சூடாகிவிட்டது. யாருமில்லாத கூண்டுக்குள் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மகள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. அடுத்த மாதம் பேரவையின் ஆண்டு அணிவகுப்பு. வான்காவலனும் மின்மினியும் கைகோத்து நடக்க வேண்டும் என்று அவள் ஒரு வருடமாகக் கனவு காண்கிறாள். இதைப் பார்த்தபின் அவள் எப்படி அவரோடு நடப்பாள்? நல்லவேளையாக அவள் பார்க்கவில்லை. ஞாயிறு மாலை வீடு திரும்பியதுமே, "பரீட்சை முடியிற வரைக்கும் நீங்களே வச்சுக்கோங்கப்பா" என்று கைபேசியை அவளாகவே அவரிடம் கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். பரீட்சை முடிய இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் படத்தை நீக்கிவிட வேண்டும்.

பேரவையில் இதற்கென்றே ஓர் 'உடல் கண்ணியக் குழு' இருந்தது. உருவக் கேலியை ஒழிக்கத் தொடங்கப்பட்ட குழு. நான்கு வருடத்தில் ஒரு புகார்கூட வரவில்லை என்று பேரவை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது. புகார்ப் படிவத்தைப் பார்த்ததும் காரணம் அவருக்குப் புரிந்தது. மொத்தம் பதினொரு பக்கம். 'கேலிக்குள்ளான உறுப்பு எது? ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் இணைக்கவும்.' 'கேலி செய்யப்பட்ட குறை தங்களிடம் உண்மையிலேயே உள்ளதா? ஆம் எனில், ஏன்?'

'ஏன்' என்பதற்கு எதிரே நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். அவர் வெகுநேரம் யோசித்து, "சிறு வயதிலிருந்தே" என்று எழுதினார்.

புதன்கிழமை குழு அதிரடியாக இறங்கியது. பேரவையின் மூவாயிரம் உறுப்பினருக்கும் சுற்றறிக்கை போனது. 'கீழ்க்காணும் படத்தை யாரும் பார்க்கவோ பகிரவோ சிரிக்கவோ கூடாது.' எந்தப் படம் என்று யாருக்கும் குழப்பம் வந்துவிடக் கூடாதல்லவா, கீழே படத்தைப் பெரிதாக, தெளிவாக இணைத்திருந்தார்கள். வயிற்றைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அன்று மாலைக்குள் சிரித்தவர் எண்ணிக்கை நானூறிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆனது.

எடைமேடைக்காரர் குழுவின் செயலாளரிடம் தொலைபேசியில் பேசினார். "அம்மா, படத்தை எடுத்தாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதெப்படி சார் எடுக்க முடியும்? அது சாட்சியம். விசாரணை முடியிற வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கணும். சாட்சியத்தை அழிச்சோம்னு நாளைக்கு எங்க மேல பழி வரக் கூடாதுல்ல?" என்றார் செயலாளர். "ஞாயித்துக்கிழமை காலைல விசாரணை. வேடத்துலயே வந்துடுங்க. புண்பட்ட அன்னைக்கு என்ன போட்டிருந்தீங்களோ அதே. விதி ஏழு."

அறுந்த கவசத்தோடு அவர் பேருந்தில் போனார். ஒரு கையால் வாளையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் மட்டும் பையைத் துழாவி ஒரு ஊக்கை எடுத்து நீட்டி, "விலகியிருக்கு பாருங்க, குத்திக்கோங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவர் குத்திக்கொண்டார். யாராவது சிரித்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

விசாரணை ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில். சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள். அவற்றின் கீழே நீள மேசை. பேரவை விதிப்படி குழுவினரும் வேடத்தில்தான் இருக்க வேண்டும். தலைவர் பேரரசர். வெளியே ஒரு துணிக்கடையில் மேலாளர். செயலாளர் சூனியக்காரி, வெளியே பள்ளி நூலகர். மூன்றாமவர் உடம்பு முழுக்க அட்டைப்பெட்டி மாட்டிய இயந்திர மனிதன். பேசும்போது பெட்டி முகத்தை மறைத்ததால் விசாரணை முழுவதும் அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. 'ஆமோதித்தார்' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். பார்வையாளராக நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். கண்ணியத்தை நேரில் காணும் ஆவல்.

பேரரசர் உட்காரவில்லை. அங்கிக்குள் வயிற்றை இறுக்கி ஒரு பட்டை கட்டியிருந்தார். உட்கார்ந்தால் மூச்சு முட்டும் என்பதால் எல்லாக் கூட்டங்களையும் அவர் நின்றே நடத்துவது வழக்கம். அதைப் பணிவு என்று பேரவை மலரில் எழுதியிருந்தார்கள்.

"அன்பு நெஞ்சங்களே," என்று தொடங்கினார். "இந்தப் பேரவையில குண்டுன்னோ ஒல்லின்னோ யாரும் கிடையாது. நான் ஆளைப் பாக்கும்போது உடம்பைப் பாக்குறதே இல்ல. இதோ, இவரைப் பாருங்க. இவ்வளவு இருந்தும் நாம சேத்துக்கிட்டோமா இல்லையா? எத்தனை சங்கத்துல சேப்பாங்க? வான்காவலன்னா எப்படி இருக்கணும்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிஞ்சும் இவர் மேடை ஏறினார் பாருங்க, அந்தத் துணிச்சல் எனக்கு வராது. இவருக்கு ஒரு கைதட்டு."

கைதட்டினார்கள். எடைமேடைக்காரர் ஊக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"முதல்ல படத்தைப் பாத்துடலாம்" என்றார் சூனியக்காரி. விளக்கை அணைத்தார்கள். சுவரை அடைத்துக்கொண்டு வயிறு தோன்றியது. பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். படம் தெளிவில்லை என்று இயந்திர மனிதன் சைகை செய்ய, இன்னும் பெரிதாக்கினார்கள். பத்து நிமிடம் அது அப்படியே நின்றது. புண்பட்டதன் ஆழத்தை எல்லோரும் உணர வேண்டும் என்பதற்காக.

அடுத்து அளவெடுப்பு. சொன்னது கேலியா அல்லது வெறும் தகவலா என்று முடிவு செய்ய உடலை அளந்தாக வேண்டுமாம். பேரவையின் தையல்காரர் நாடாவோடு வந்தார்.

"கைய தூக்குங்க சார்."

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடைமேடைக்காரர் கைகளைத் தூக்கி, மூச்சை இழுத்து, உள்ளுக்குள் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவுக்கும் வயிற்றை உள்ளே தள்ளினார். கண்ணில் நீர் முட்டியது.

"நாற்பத்திநாலு" என்றார் தையல்காரர். நாடாவைச் சுருட்டிக்கொண்டு அவர் திரும்பியபோது பேரரசர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எதிர்த்தரப்பு வரலாம்."

கடைசி வரிசையிலிருந்து தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வை போர்த்திய ஓர் உருவம் எழுந்து வந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்த நடையைக் கண்டதும் எடைமேடைக்காரருக்கு ஆள் தெரிந்துவிட்டது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்ப்பவர். பேரவையில் எல்லோரும் அவரை 'எக்ஸ்ரே' என்பார்கள்.

"ஏன் அப்படிப் போட்டீங்க?" என்றார் சூனியக்காரி.

போர்வை நிமிர்ந்து நின்று, "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் வில்வீரன் வேடம் போட்டேன். கை இல்லாத சட்டை. அந்தப் படத்துக்குக் கீழ இந்த சார் ஒண்ணு எழுதினார். அதைப் படிங்க" என்றது.

சூனியக்காரி கணினியில் தேடிப் படித்தார். "எக்ஸ்ரே எடுக்கிறவரே எக்ஸ்ரே மாதிரி இருக்காரே. முப்பத்தொரு பேர் சிரிச்சிருக்காங்க."

எடைமேடைக்காரருக்கு அதை எழுதியது நினைவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. ஏதோ இரண்டு லாரிகளுக்கு நடுவே, தேநீர் ஆறுவதற்குள், ஒரு விரலால் தட்டியிருப்பார். தட்டிவிட்டுத் தேநீரைக் குடித்திருப்பார். இந்த மனிதர் அதற்குப்பின் ஒரு வேடமும் போட்டதில்லை. இரண்டு வருடமாகப் போர்வைக்குள்ளேயே வருகிறார். அதையும் பார்த்துவிட்டு, "என்ன, எப்பப் பாத்தாலும் பேய்தானா?" என்று அவரிடமே கேட்டுச் சிரித்தது இப்போது நினைவுக்கு வந்தது. தரையில் பார்வையைப் பதித்தவர் நிமிரவில்லை.

ஆனால் பேரரசர் முகம் மலர்ந்துவிட்டது. எதிர்த்தரப்பையும் அளக்கச் சொன்னார். போர்வைக்கு மேலாக நாடாவைச் சுற்றியதில் இருபத்தெட்டு வந்தது. குழு கூடிக் குசுகுசுவென்று பேசியது. இயந்திர மனிதன் ஆமோதித்தார்.

"நாற்பத்திநாலும் இருபத்தெட்டும் கூட்டினா எழுபத்திரெண்டு. பாதி முப்பத்தாறு" என்றார் பேரரசர். "முப்பத்தாறு இயல்பான அளவு. ஆக, ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தா இங்க கேலி செய்யுற மாதிரி உடம்பே இல்ல. இல்லாத உடம்பை யாரும் கேலி பண்ண முடியாது. உடம்பு சம்பந்தமான விவகாரம் இத்தோட முடிஞ்சது. சிரிப்பு சம்பந்தமான விவகாரம்தான் பாக்கி."

எடைமேடைக்காரர் தலை நிமிர்ந்தார். "படத்தை எடுத்துடுவீங்களா?"

"அதுக்கு முன்னாடி சிரிச்சவங்க மேல நடவடிக்கை. முதல் நானூத்துப் பன்னெண்டு பேர். சுற்றறிக்கைக்கு அப்புறம் சிரிச்சவங்க நம்ம கணக்குல வரமாட்டாங்க, அவங்களுக்கு நாமதான் காட்டினோம்" என்ற சூனியக்காரி பட்டியலை விரித்தார். "இவங்க யாரும் அணிவகுப்புல கலந்துக்க முடியாது. பேரை வாசல்ல பெருசா எழுதிப் போடுவோம். பிள்ளைங்களா இருந்தா பெத்தவங்களைக் கூப்பிட்டுக் கண்டிப்போம்."

படிக்கத் தொடங்கினார். பெயர், நாள், நேரம். "மூணு, கருப்புக் குதிரை, ஞாயிறு, மாலை ஆறு ரெண்டு." கருப்புக் குதிரை மூன்றாம் வரிசையில்தான் இருந்தார். வாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பதினேழாவது பெயரில் சூனியக்காரிக்கு இருமல் வந்தது. ஓரக்கண்ணால் பேரரசரைப் பார்த்தார். பேரரசர் சுவரில் இருந்த 'வளைவு உள்ளது' என்ற குறியீட்டை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்து பதினெட்டு" என்றார் சூனியக்காரி.

முப்பதைத் தாண்டினார். "முப்பத்தொண்ணு, மின்மினி. ஞாயிறு, மாலை ஆறு பத்து."

ஆறு பத்து. சீட்டில் நேரம் அச்சிட்டே பதினெட்டு வருடம் ஓட்டியவர் அவர், நேரத்தை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு பத்துக்கு அவர்கள் வீடு திரும்பும் பேருந்தில் இருந்தார்கள். அறுந்த கவசம் ஒரு சாக்கில், அவர் காலடியில். சன்னலோரம் மகள். கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று அதைக் கவிழ்த்து மடியில் வைத்து, "வயிறு வலிக்குதுப்பா" என்றாள். அவர் அவள் தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார். வீடு வந்ததும்தான் அந்தக் கைபேசியை அவரிடம் கொடுத்தாள்.

சிரித்துவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறாள்.

"இந்த மின்மினி உங்களோட வர்ற பொண்ணுதானே?" என்றார் பேரரசர்.

"இல்ல" என்றார் எடைமேடைக்காரர். "அந்தப் பேர்ல நிறையப் பேர் இருப்பாங்க." இது வாழ்நாளின் எத்தனையாவது பொய் என்று எண்ண அப்போது நேரமில்லை. "நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

சூனியக்காரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதி பத்தொம்பது. திரும்ப வாங்கின புகார் பொய்ப் புகார். பொய்ப் புகார் குடுத்தவர் எதிர்த்தரப்புகிட்ட பகிரங்கமா மன்னிப்புக் கேக்கணும். அதை எல்லா உறுப்பினருக்கும் அனுப்புவோம்."

"அனுப்புங்க. பட்டியலைக் கிழிச்சுடுவீங்கள்ல? படத்தையும் எடுத்துடுவீங்கள்ல?"

"புகாரே இல்லன்னா சாட்சியம் எதுக்கு, பட்டியல் எதுக்கு?" என்றார் பேரரசர். பட்டியல் ஒழிவதில் அவருக்கு ஏனோ மிகுந்த நிம்மதி தெரிந்தது. "மைக்கைக் குடுங்க அவருக்கு."

எடைமேடைக்காரர் போர்வையின் முன்னால் போய் நின்றார். மைக்கை வாங்கி மேசைமேல் வைத்தார். குழு எழுதிக்கொடுத்த தாளையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

"நான் எழுதினது எனக்கு ஞாபகமே இல்லங்க" என்றார். "அதான் ரொம்ப வெக்கமா இருக்கு. நீங்க ரெண்டு வருஷமா அதைச் சுமந்துக்கிட்டு இருக்கீங்க, நான் அன்னைக்கே மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

ஓட்டைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவரையே பார்த்தன. "ஊக்கு விலகுது சார்" என்றார் போர்வைக்காரர் கடைசியில். குனிந்து, போர்வைக்கு வெளியே மெலிந்த கையை நீட்டி, அதைச் சரியாகக் குத்திவிட்டார். "நானும் போட்டிருக்கக் கூடாது. போட்ட அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாளே நல்லா இல்ல."

"குறிப்புல எழுதுங்க," என்றார் பேரரசர், "குழுவின் இடைவிடாத முயற்சியால் நல்லிணக்கம்." இயந்திர மனிதன் ஆமோதித்தார். அந்த வருடமும் உருவக் கேலிப் புகார் ஒன்றுகூட இல்லை என்று ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் பரீட்சை முடிந்து மகள் வந்தாள். அவர் பீரோவைத் திறந்து கைபேசியைக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு மூடியது. அவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்துவைத்து ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

அரைமணி கழித்து வந்தாள். கையில் கைபேசி இல்லை. அளவு நாடா இருந்தது.

"நீங்க மன்னிப்புக் கேட்டீங்கன்னு அனுப்பியிருக்காங்க. நீங்க எதுக்குப்பா கேட்டீங்க?"

"கேக்க வேண்டியிருந்துச்சும்மா. நான் ஒருத்தரைப் பாத்து அப்படிச் சிரிச்சிருக்கேன்."

அவள் நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "என் வகுப்புப் பசங்க சில பேரும் பேரவைப் பக்கத்துல இருக்காங்க, அவங்களும் அந்தப் படத்தைப் பாத்தாங்க. நான் மட்டும் சிரிக்கலன்னா நீங்கதான் எங்கப்பான்னு கண்டுபிடிச்சிருவாங்கன்னு..." அழவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். விசாரணையில் தாம் அப்படித்தான் நின்றோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"தெரியும்" என்றார். "ஆறு பத்து."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வார் அறுந்தது உன் வேலையில குத்தமில்ல. நான்தான் உன்கிட்ட அளவைக் குறைச்சுச் சொன்னேன். நானும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

அவள் நாடாவை உதறி நீட்டி, "அணிவகுப்புக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு. புது வார் தைக்கணும். எந்திரிங்க" என்றாள்.

எழுந்தார். கைகளைத் தூக்கினார். நாடா இடுப்பைச் சுற்றி வந்தது. பழக்கதோஷத்தில் வயிறு தானாக உள்ளே போயிற்று.

"மூச்சை விடுங்கப்பா."

விட்டார். முழுவதையும் விட்டார். நாடா அவள் விரல்களுக்கிடையே நழுவி நீண்டது. அவள் எண்ணைப் படித்தாள். சொல்லத் தயங்கினாள்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, நெடுஞ்சாலையில் நிற்கும் ஓட்டுநருக்குக் கேட்கும் குரலில், "நாற்பத்தாறு" என்றார். "எழுதிக்கோ."